அப்பாவோடு வெளியே சாப்பிட மதுரையில் எங்கே போவது?

வடகரை | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். பதினோரு வருஷம் புனேயில் வேலை பார்த்துவிட்டு இந்த ஆனி மாதம் ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். வீடு செல்லூரில். அம்மா இல்லை, நானும் அப்பாவும்தான். அப்பாவுக்கு 74 வயது. மில்லில் ஃபிட்டராக இருந்தவர். சர்க்கரை இருக்கிறது, வலது முழங்காலை முழுசாக மடக்க முடியாது. வாரம் ஒரு தடவையாவது அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய் ஆற அமரச் சாப்பிட வைக்க வேண்டும் என்று ஆசை.

இன்று மதியம் பேர் பெற்ற ஒரு அசைவ மெஸ்ஸுக்குப் போனோம். கடை பேர் வேண்டாம், சாப்பாட்டில் குறை ஒன்றும் இல்லை. போனது ஒன்றரை மணிக்கு. வாசலில் இருபது நிமிஷம் நின்றோம். இடம் கிடைத்து உட்கார்ந்து குழம்பு ஊற்றுவதற்குள் ஒரு குடும்பம் வந்து எங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டது. அதில் ஒருவர் அப்பாவின் நாற்காலி முதுகில் கையை வைத்தபடியே போன் பேசிக்கொண்டிருந்தார். அப்பா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் ரசம்கூடக் கேட்காமல் இலையை மடித்துவிட்டார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, 'இனிமே வீட்லயே சாப்பிட்டுக்கலாம்ப்பா' என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. யூடியூபில் வருகிற 'மதுரையில் சாப்பிட வேண்டிய பத்து கடைகள்' எனக்கு வேண்டாம். இங்கேயே இருப்பவர்கள் நீங்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களை எங்கே கூட்டிப் போகிறீர்கள்? படி ஏறக் கூடாது, பின்னால் ஆள் நிற்கக் கூடாது, சாப்பாடு நன்றாக இருக்க வேண்டும். சைவமோ அசைவமோ எதுவானாலும் சரி.

மாரட்வீதி | ஞாயிறு, இரவு 10.05

ஊருக்கு வந்தது சந்தோஷம். கறிதோசைக்கு சிம்மக்கல் கோனார் கடை. நண்டு ஆம்லெட், அயிரை மீன் குழம்புக்கு அழகர்கோவில் ரோட்டில் அம்மா மெஸ். சீரகச்சம்பா பிரியாணிக்குக் கீழவாசல் பக்கம் அம்சவல்லி பவன். பன் பரோட்டாவுக்கு சாத்தமங்கலம். முடித்துவிட்டு விளக்குத்தூணில் ஒரு ஜிகர்தண்டா. இவ்வளவும் யூடியூபிலும் இருக்கும், ஆனால் யூடியூப் வருவதற்கு முன்பே நாங்கள் சாப்பிட்ட கடைகள்தான்.

வடகரை | ஞாயிறு, இரவு 10.20

நன்றி அண்ணே. இதில் பாதிக் கடைக்கு நான் காலேஜ் படிக்கும்போதே போயிருக்கிறேன். பெரியவரை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கெல்லாம் போனால் இன்று நடந்தது மறுபடி நடக்கும் என்றுதான் தயக்கம்.

இலைச்சோறு | திங்கள், காலை 6.10

தம்பி, நான் 23 வருஷமாக மெஸ் நடத்துகிறேன். என் கடையைச் சொல்ல வரவில்லை, அதனால் பேர் போடவில்லை. நீங்கள் எந்தக் கடை என்று கேட்கிறீர்கள். எந்த நேரம் என்று கேளுங்கள்.

எங்கள் தொழிலில் நடப்பதைச் சொல்கிறேன். விடியக்காலம் ஐந்து மணிக்குக் கறிக்கடையில் நிற்போம். நெஞ்செலும்பும் சந்து எலும்பும் குழம்புக்கு, தொடைக்கறி சுக்காவுக்கு, குடலும் ஈரலும் தனித்தனி. எட்டு மணிக்கு அடுப்பு பற்றும். பதினொன்றுக்குக் குழம்பு இறங்கிவிடும். இறக்கிய குழம்பை அப்படியே ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். அப்போதுதான் உப்பும் காரமும் எலும்புக்குள் போகும், எண்ணெய் பிரிந்து மேலே வரும். பன்னிரண்டு மணிக்கு முதல் இலை. பன்னிரண்டே காலுக்கு வருகிறவர் சாப்பிடுவதுதான் நாங்கள் சமைத்த சாப்பாடு. சோறு வடித்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. சர்வருக்கும் கால் வலிக்க ஆரம்பித்திருக்காது, முகம் கொடுத்துப் பேசுவார்.

ஒன்றேகாலுக்கு மேல் நிலைமை வேறு. முதல் அண்டா அடி தெரிய ஆரம்பிக்கும், இரண்டாம் உலை அவசரத்தில் வேகும். பல கடையில் குழம்பில் வெந்நீர் சேரும் நேரமும் அதுதான். சுக்காச் சட்டியை மறுபடி மறுபடி சூடு பண்ணிக் கறி நார் நாராகிவிடும். காசு அதே காசு.

ஞாயிற்றுக்கிழமையை விடுங்கள். ஓய்வு பெற்றவருக்கு ஞாயிறு என்ன, புதன் என்ன? புதன்கிழமை பன்னிரண்டே காலுக்கு வாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் கூட்டம் இருக்காதுதான். ஆனால் பாதிப் பேர் கறி தொடாத நாள் என்பதால் நாங்களும் குறைவாக வாங்குவோம், ஈரல், மூளை எல்லாம் இருக்காது. புதன், வியாழன்தான் சரி. புரட்டாசி வந்துவிட்டால் கடையே காற்று வாங்கும். அந்த மாதத்தில் பல மெஸ்களில் வகை குறைந்துவிடும், அதற்குள் போய்விட்டு வாருங்கள்.

சிம்மக்கல்காரி | திங்கள், காலை 8.30

இலைச்சோறு அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் சிம்மக்கல் சுற்றுவட்டாரம்தான். எங்கள் பக்கம் கடைக்கு நேரம் உண்டு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காலை ஆறரைக்கு வரும் இட்லியும் ஒன்பதரைக்கு வரும் இட்லியும் ஒரே கடையில் ஒரே மாவுதான். ஆனால் ஆறரை மணி இட்லியில் துணியின் வரி தெரியும், விரல் வைத்தால் உள்ளே போய் மேலே வரும். சட்னி அப்போதுதான் தாளித்திருக்கும்.

கறிதோசையும் அப்படித்தான். இரவு ஒன்பது மணிக் கூட்டத்தில் போனால் கல்லில் ஒரே நேரத்தில் நாலைந்து போடுவார்கள். ஏழு மணிக்குள் போனால் ஒன்றிரண்டுதான் கிடக்கும். வசதி இருந்தால் அப்பாவைக் கல் தெரிகிற மேஜையில் உட்கார வையுங்கள். மாவைக் கெட்டியாக ஊற்றி, மேலே முட்டையை உடைத்துப் பரப்பி, அது உறைவதற்குள் மசாலாவோடு வெந்த கொத்துக்கறியை அள்ளி வைத்துத் தட்டுவார்கள். ஓரத்தில் எண்ணெய் விட்டு, வெந்ததும் திருப்பிப் போட்டு அழுத்தும்போது கறி கல்லில் பட்டு ஒரு வாசனை வரும் பாருங்கள், அதற்கே பாதி வயிறு நிறைந்துவிடும். ஒன்று வாங்கி இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். முழுசாக ஒன்று பெரியவருக்கு அதிகம்.

பழங்காநத்தம் | திங்கள், பகல் 11.50

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம். பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டிய விஷயம் இது. போன மாதம் மாமனார், மாமியாரோடு ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். தட்டு நிறையக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு வந்து நீட்டினார்கள். 'ஐயா, அயிரை இருக்கு, காடை இருக்கு, மூளை இருக்கு, எடுத்துக்கங்க.' மாமனார் ஆசையாக மூன்று கிண்ணம் எடுத்து வைத்துக்கொண்டார். விலைப் பலகை எங்கேயும் இல்லை. பில் வந்தபோது நாலு சாப்பாட்டின் காசைவிட அந்த மூன்று கிண்ணத்தின் காசு அதிகம். மாமனார் பில்லை எட்டிப் பார்த்துவிட்டார். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. காசு எனக்குப் பெரிசில்லை. அவர் முகம் வாடியதுதான் இன்னமும் கஷ்டமாக இருக்கிறது.

இலைச்சோறு | திங்கள், மாலை 4.15

பழங்காநத்தம் சார், அது தப்புத்தான். தட்டைக் காட்டும் பழக்கம் நல்ல பழக்கம். வந்தவர் கண்ணால் பார்த்து எடுக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் காட்டுகிறவர் விலையையும் சொல்ல வேண்டும். என் கடையில் கல்லாவுக்கு மேலே கரும்பலகையில் தினமும் எழுதிப்போடுகிறேன்.

அயிரை ஏன் அந்த விலை என்றும் சொல்லிவிடுகிறேன். விரல் நீளம்கூட இருக்காத மீன், சேற்றில் கிடக்கும். உயிரோடு வாங்கினால்தான் ருசி. வாங்கி வந்து சட்டியில் பாலோ தேங்காய்ப்பாலோ விட்டு அதில் போட்டால், மீன் பாலைக் குடித்து வயிற்றில் உள்ள மண்ணைக் கக்கும். அப்புறம் உப்புப் போட்டு உரசி நாலைந்து தண்ணீரில் அலச வேண்டும். கிலோ நல்ல ஆட்டுக்கறி விலையைத் தாண்டியே போகும், மழை இல்லாத காலத்தில் கிடைப்பதே பாடு. அதனால் விலை கூடத்தான் இருக்கும். கூடுதல் விலையைச் சொல்லி விற்பதில் என்ன வெட்கம்? நீங்களும் கேளுங்கள். 'இது என்ன விலைண்ணே' என்று கேட்பதைக் குறைச்சலாக நினைக்கிற கடைக்காரர் நல்ல கடைக்காரர் இல்லை.

வரவுசெலவு | திங்கள், மாலை 6.40

பில் பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறேன், தினமும் ஓட்டல் பில்தான் என் மேஜையில்.

சாதாரண ஓட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஏசி அறைக்கும் சாதா அறைக்கும் ஒரே வரிதான், 2017 நவம்பர் 15 முதல் அப்படி. அதற்கு முன்னால் ஏசிக்கு 18, ஏசி இல்லாததற்கு 12 என்று இருந்தது. அந்தப் பழைய ஞாபகத்தில் 'ஏசிக்கு வரி கூட' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஏசி அறைக்கு விலைப்பட்டியலையே கூட்டி வைப்பது வேறு, அது கடைக்காரர் உரிமை. வருஷ விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் சின்னக் கடைகள் பல, இணக்கமுறை (காம்போசிஷன்) என்ற எளிய வரித் திட்டத்தில் இருக்கும். அவர்கள் வரியைத் தங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், உங்கள் பில்லில் தனியாகச் சேர்க்கக் கூடாது. பில்லில் ஜிஎஸ்டி பதிவு எண் இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் கேளுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்தால் கொடுக்க வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பிரச்சினை என்றால் 1915க்குக் கூப்பிடலாம். நம் ஊர் மெஸ்களில் இந்தத் தொல்லை கிடையாது, பெரிய கடைகளில்தான் பார்க்கிறேன். சர்வருக்குக் கையில் கொடுப்பது உங்கள் பிரியம். அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

திருநகர் | திங்கள், இரவு 9.15

எல்லாரும் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. சர்க்கரை உள்ள 74 வயதுக்காரரை வெளியே சாப்பிட வைக்க எதற்கு இத்தனை பாடு? நான் இருபது வருஷம் முன்னால் சாப்பிட்ட சுக்கா இப்போது எங்கேயும் இல்லை. அப்போது செக்கு நல்லெண்ணெய், அம்மியில் அரைத்த மசாலா. இப்போது பாமாயிலும் பாக்கெட் பொடியும். பெரியவருக்குப் பிடித்ததை நல்லெண்ணெய் ஊற்றி வீட்டில் செய்து கொடுங்கள். அதுதான் மரியாதை, உடம்புக்கும் நல்லது.

சிம்மக்கல்காரி | திங்கள், இரவு 9.50

திருநகர் அண்ணே, எண்ணெய் பற்றி நீங்கள் சொல்வது பல கடைக்குப் பொருந்தும், அதை மறுக்கவில்லை. 'வீட்டில் செய்து கொடுங்கள்' என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

என் மாமியார் படுக்கையில் விழுவதற்கு முன் கடைசி ரெண்டு வருஷம் வீட்டை விட்டு வெளியே போனது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். வேளாவேளைக்குப் பத்தியச் சாப்பாடு, ஒரு குறை வைக்கவில்லை. ஒருநாள் நான் கடைக்குக் கிளம்பும்போது கேட்டார்: 'சிம்மக்கல்ல இப்பவும் சாயந்திரம் வடை போடறாங்களா?' கடை எங்கள் வீட்டிலிருந்து முந்நூறு அடிகூட இருக்காது. அவர் வடை கேட்கவில்லை அண்ணே, தெருவைக் கேட்டார். அடுத்த நாள் ஆட்டோ வைத்துக் கூட்டிப் போய்க் கடை வாசலில் நிறுத்தி, வண்டிக்குள்ளேயே ஒரு வடை சாப்பிட வைத்தேன். வடைக்காரர் அடுப்பை விட்டு இறங்கி வந்து 'அம்மா, எம்புட்டு நாளாச்சு' என்றார். வாரத்தில் ஒருநாள் அரைத் தோசை சாப்பிட்டால் சர்க்கரை ஏறுமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம். வெளியே போகாமலே இருப்பதற்கு டாக்டர் எதுவும் எழுதித் தர முடியாது.

திருநகர் | திங்கள், இரவு 10.10

சரிம்மா. அப்படிப் பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. நான் எண்ணெயை மட்டும் யோசித்துவிட்டேன்.

தெற்குவாசல் | செவ்வாய், மாலை 5.30

நாங்கள் சௌராஷ்டிரக்காரர்கள், தெற்கு மாசி வீதிப் பக்கம் நாலு தலைமுறை. வடகரை தம்பிக்கு ஒரு யோசனை: சாப்பாட்டு நேரத்தையே விட்டுவிட்டுச் சாயந்திரம் நாலரை மணிக்கு வாருங்கள்.

அந்த நேரத்தில் எங்கள் தெருக்களில் முள்முருங்கை அடை போடுவார்கள். முள்முருங்கை இலையையும் அரிசியையும் சேர்த்து அரைத்து, தட்டி எண்ணெயில் போட்டு எடுத்து, சுடச்சுட மேலே பொடி தூவிக் கொடுப்பார்கள். பச்சை நிறம், ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்தென்று இருக்கும். சளிக்கு நல்லது என்று எங்கள் பாட்டி காலத்திலிருந்து சொல்வார்கள். அப்பாவுக்கு ஒன்று போதும். பக்கத்திலேயே பருத்திப்பால் வண்டி நிற்கும். பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சுவது. அது இனிப்பு, அதனால் பெரியவருக்கு இரண்டு மடக்கு மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தை நீங்கள் குடித்துவிடுங்கள்.

உட்கார இடம் கிடையாது, அது ஒரு குறை. எதிரே இருக்கும் கடைத் திண்ணையில் கேட்டால் உட்கார வைப்பார்கள், பெரியவர் என்றால் ஸ்டூலே எடுத்துப் போடுவார்கள். சைவ டிபன் வேண்டுமென்றால் மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம். கோயிலைச் சுற்றி வண்டி விட மாட்டார்கள், கொஞ்சம் நடக்க வேண்டும். முழங்கால் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரட்வீதி | செவ்வாய், மாலை 6.05

முள்முருங்கை அடையை நான் எப்படி விட்டேன்! அக்காவுக்கு நன்றி.

இரவுப்பணி | புதன், அதிகாலை 3.20

நர்ஸாக இருக்கிறேன், இப்போது டியூட்டி இடைவேளை. நேரம் என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன். தூங்கா நகரம் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். இரண்டாம் ஷிப்ட் முடித்து இரவு பதினோரு மணிக்கு மேல் சூடாக ஏதாவது சாப்பிடலாம் என்றால் இப்போது பாதிக் கடை ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிடுகிறது. குனிந்து உள்ளே போய்ச் சாப்பிட வேண்டும். ஒரு பெண் தனியாக அப்படிக் குனிந்து போய் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? பார்சல் வாங்கி வந்து ஆறிய பரோட்டாவைத்தான் தின்கிறோம்.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019லேயே அரசாணை வந்தது, அப்புறம் நீட்டித்தும் இருக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு ராத்திரிச் சோறு போடுகிற கடையில் மாஸ்டர், சர்வர், கல்லா, பாத்திரம் கழுவும் அக்கா எல்லாம் சேர்த்து ஐந்தாறு பேர்தான். அவர்களுக்கு அந்த ஆணை உதவாது. எனக்கு அரசியல் தெரியாது, இந்தச் சின்னக் கடைகளுக்கும் ஒரு வழி பண்ணினால் நல்லது.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி அக்கா மட்டும் இரவு ஒன்றரை வரை இட்லி போடுகிறார். எங்கள் எட்டுப் பேருக்கும் அவர்தான் கதி. என்ன நேரமானாலும் சாம்பாரைச் சூடு பண்ணித்தான் ஊற்றுவார்.

மாரட்வீதி | புதன், காலை 9.00

தங்கச்சி சொல்வது உண்மை. அந்தக் காலத்தில் கீழமாரட் வீதி வெங்காய மண்டியில் லோடு இறக்குகிறவர்களுக்காகவே விடிய விடியக் கடை இருக்கும். பெரிய தட்டில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு நாலு பேர் சேர்ந்து சாப்பிடுவார்கள். தூங்கா நகரம் என்ற பேரே வேலை செய்கிறவர்களால்தான் நிலைத்தது. அவர்களுக்குச் சோறு போடுகிற கடை மூடினால் அப்புறம் என்ன தூங்கா நகரம்?

வடகரை | வியாழன், இரவு 8.45

எல்லாருக்கும் நன்றி. நேற்று புதன்கிழமை போனோம். அரை நாள் லீவு போட்டேன். தல்லாகுளம் பக்கம் ஒரு சின்ன மெஸ், ஆறே மேஜை, வாசலில் ஒரு படி மட்டும். பன்னிரண்டு பத்துக்கு உள்ளே நுழைந்தோம், எங்களுக்கு முன்னால் இரண்டே பேர்.

அப்பா வர மறுத்தார். 'அந்தப் பாடு வேணாம்ப்பா' என்றார். 'கூட்டம் இருந்தா வண்டியத் திருப்பிடலாம்' என்று சொல்லித்தான் ஏற்றினேன். உட்கார்ந்ததும் முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. அப்புறம் இலையில் தண்ணீர் தெளித்து, கையால் வழித்துவிட்டு, காலைக் கொஞ்சம் நீட்டி வசதியாக வைத்துக்கொண்டார். சோறு கொஞ்சம்தான். எலும்புக் குழம்பை மூன்று தடவை ஊற்றச் சொன்னார். சர்வரிடம் ஈரல் என்ன விலை என்று அவரே கேட்டார், பழங்காநத்தம் சார் எழுதியதை முந்தின நாள் வாசித்துக் காட்டியிருந்தேன். சர்வர் விலையைச் சொல்லிவிட்டு, 'பாதியும் தருவோம் ஐயா' என்றார். பாதி வாங்கிக்கொண்டார். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். மோர் வந்தது. மொத்தம் ஐம்பது நிமிஷம்.

கை கழுவிவிட்டு வந்து கல்லாவில் இருந்தவரிடம், 'குழம்பு எத்தன மணிக்கு இறக்குனீங்க?' என்றார். அவர், 'பத்தே முக்காலுக்குங்க ஐயா' என்றார். இலைச்சோறு அண்ணே, நீங்கள் சொன்ன கணக்கு சரியாக இருந்தது.

இலைச்சோறு | வியாழன், இரவு 9.30

படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது தம்பி. பாதி கொடுக்கிற கடையை விடாதீர்கள். வயசானவர்களுக்காகவே நானும் அரைக் கிண்ணம் வைக்கிறேன். அதில் லாபம் ஒன்றும் பெரிசாக இல்லை, ஆனால் அவர்கள் வாரம் தவறாமல் வருவார்கள்.

பழங்காநத்தம் | வெள்ளி, காலை 7.45

அந்த மெஸ் எது என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். மாமனாரைச் சமாதானப்படுத்தி ஒருமுறை கூட்டிப் போக வேண்டும்.

வடகரை | ஞாயிறு, இரவு 11.35

கட்டாயம் அனுப்புகிறேன் சார். இன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

இரவு ஒன்பதே முக்காலுக்கு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். 'பரோட்டா சாப்பிடலாமா?' அவர் வாயால் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கே என்றால், மில் பக்கம் ஒரு கடையைச் சொன்னார். இரண்டாம் ஷிப்ட் விட்டதும் அவரும் அவர் செட்டும் சாப்பிடும் கடையாம். அது இருக்குமா என்று சந்தேகத்தோடுதான் போனேன். இருந்தது. பேர் மாறியிருக்கிறது, கல் அதே இடத்தில் இருக்கிறது.

மாஸ்டர் அப்போதுதான் அடுத்த ஈடு போட ஆரம்பித்திருந்தார். எண்ணெயில் ஊறிக் கிடந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டி, வீசி, மேஜை விளிம்பு தாண்டித் தொங்குமளவுக்கு விரித்து, மடித்துச் சுருட்டி வைத்துக்கொண்டே போனார். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லில் இருந்து எடுத்து நாலைந்தாக அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிக்கும்போது, 'இந்தச் சத்தம் கேட்டாத்தான் ஷிப்ட் முடிஞ்சதுன்னு இருக்கும்' என்றார்.

ஒரே ஒரு பரோட்டா வாங்கினார். நான் சாப்பிட ஆரம்பித்ததும் என் கையைத் தடுத்தார். தன் இலையில் இருந்ததை நகம் படாமல் விரல் நுனியால் சின்னச் சின்னதாகப் பிய்த்து, குவித்து, சால்னாவைச் சுற்றி ஊற்றாமல் நடுவில் குழி பண்ணி ஊற்றினார். 'ஊறட்டும். அஞ்சு நிமிஷம் கை வைக்காத.' அந்த ஐந்து நிமிஷத்தில் செட்டில் யார் யார் இருந்தார்கள், யார் எத்தனை பரோட்டா சாப்பிடுவார்கள், யார் கடன் சொல்வார்கள் என்று பேசிக்கொண்டே இருந்தார். பதினோரு வருஷமாகப் போனில் 'சாப்பிட்டியா, சாப்பிட்டேன்' தவிர நாங்கள் பேசியதில்லை. பாதியைத் தின்றுவிட்டு மீதியை என் இலைக்குத் தள்ளினார். காலையில் சர்க்கரை பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அடுத்து தெற்கு மாசி வீதி. செவ்வாய்க்கிழமை நாலரைக்கு வந்தால் அடை கிடைக்குமா அக்கா?

தெற்குவாசல் | திங்கள், காலை 6.50

கிடைக்கும். மழை வருகிற மாதிரி இருந்தால் நாலு மணிக்கே வந்துவிடுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். வண்டியைத் தெற்குவாசல் பக்கமே விட்டுவிட்டு ஆட்டோவில் உள்ளே வாருங்கள், அப்பா நடக்க வேண்டாம். அடையைப் பார்சல் கட்டச் சொல்லிவிடாதீர்கள், ஆறினால் தோல் மாதிரி ஆகிவிடும். கையில் வாங்கி அங்கேயே சாப்பிடச் சொல்லுங்கள். ஸ்டூலுக்கு நான் சொல்லி வைக்கிறேன்.